யார் கையில இருக்கு?

அவருக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. ஆம்பூருக்கு வெளியே ரோட்டோரமாக இருந்த எங்கள் ஷூ கம்பெனி ஆபீசில் பதினோரு நாற்காலிகள். தினமும் காலையில் துடைத்துப் போடுகிறவள் நான். யார் எப்படி உட்காருகிறார்கள் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியாது. அக்கவுண்ட்ஸ் ஐயாவின் நாற்காலி இடது பக்கம் அமுங்கியிருக்கும். சுகந்தி நுனியிலேயே உட்காருவாள். பின்பாதி கடையிலிருந்து வந்த மாதிரியே இருக்கும். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற பாயின் நாற்காலியில் மட்டும் பஞ்சு எந்தப் பக்கமும் அமுங்கவில்லை. அவர் அதில் உட்கார்ந்தால்தானே.

நடந்துகொண்டே இருப்பார். போன் வந்தால் ஒயர் போகிற தூரம் வரைக்கும் நடப்பார். டீயையும் நடந்தபடிதான் குடிப்பார். குடித்து முடித்த இடத்திலேயே கிளாஸ் நின்றுவிடும். ஜன்னல் கட்டையில் ஒன்று, பீரோ மேல் ஒன்று, ஒருமுறை ஜெனரேட்டர் ரூம் படியில் ஒன்று. சாயங்காலம் கழுவும்போது ஒரு கிளாஸ் குறைந்தால் அது பாய் கிளாஸ்தான்.

"பாய், உங்க காலுக்கு ஒரு கயிறு கட்டி வுடணும். கயித்தைப் பிடிச்சினே வந்து கிளாஸை எடுத்துக்குவேன்" என்பேன்.

"கயிறு பத்தாதும்மா" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் போய்விடுவார்.

சம்பள ரிஜிஸ்டரில் அவருக்கு நீளமான பெயர் இருந்தது. ஆபீசில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை. மேல்விஷாரத்துக்காரர். ஆம்பூரில் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டவர். சின்ன வயசில் டேனரியில் தோல் தரம் பிரித்தாராம். தோலைப் பார்க்கவே மாட்டாராம். உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, முள் கிழித்தது இங்கே, உண்ணி கடித்தது இங்கே என்பாராம். அந்தப் பழக்கம் கம்ப்யூட்டருக்கு வந்த பிறகும் போகவில்லை. எந்தப் பெட்டி மக்கர் பண்ணினாலும் முதலில் அதன் தலையில் கை வைப்பார், காய்ச்சல்கார பிள்ளைக்கு வைக்கிற மாதிரி.

ஆபீசில் ஏழு பெட்டி இருந்தது. எல்லாவற்றையும் ஒயரால் கட்டியிருந்தார்கள். பேக்கிங் லிஸ்ட் என்று ஒன்று உண்டு. எந்த அட்டைப்பெட்டியில் என்ன சைஸ், எத்தனை ஜோடி என்று எழுதுகிற பட்டியல். அது ஒரே இடத்தில் இருக்கும்; அவரவர் மேஜையிலிருந்தே திறந்து எழுதிக்கொள்ளலாம். ஆனால் ஒருத்தர் திறந்து வைத்திருந்தால் மற்றவர்களுக்கு ரீட் ஒன்லி என்று வந்துவிடும். அது என்னவென்று நான்தான் ஒருநாள் பாயைக் கேட்டேன்.

"சேம்பிள் ஷூ பாத்திருக்கீங்க இல்ல?"

"பன்னண்டு வருஷம் தெச்சவகிட்ட கேக்குறீங்க."

"சேம்பிள் ஒத்தைக் காலுக்குத்தான் செய்வாங்க. கையில எடுத்துப் பாக்கலாம், போட்டுனு நடக்க முடியாது. ரீட் ஒன்லியும் அதுதாம்மா. பாக்கலாம், எழுத முடியாது."

நான் மூன்றாவதில் பாதியிலேயே நின்றவள். ஆனால் அப்படிச் சொன்னால் எனக்குப் புரியாமல் போகாது.

தினம் ஒருமுறையாவது யாராவது கத்துவார்கள்: "பாய், ரீட் ஒன்லி!" உடனே அவர் கிளம்புவார். வாயில் ஒரே கேள்விதான்.

"யார் கையில இருக்கு?"

அதைக் கேட்டுக்கொண்டே மேஜை மேஜையாகப் போவார். யாராவது லிஸ்ட்டைத் திறந்தபடி சாப்பிடப் போயிருப்பார்கள். மூடிவிட்டுத் திரும்புவார். "யாரு பாய் வெச்சினு இருந்தது?" என்று கேட்டால் ஆளைச் சொல்லவே மாட்டார். "கதவாண்ட இருக்கிற பொட்டி" என்பார். "பீரோ பக்கத்துல இருக்கிறது" என்பார். டிஸ்பாட்ச் பார்க்கிற தேவராஜ், "பொட்டியா பாய் சோறு துன்னப் போச்சு?" என்று கேட்டுச் சிரிப்பான். பாயும் சிரிப்பார், பெயர் மட்டும் வாயிலிருந்து வராது.

ஒரு மத்தியானம் கரண்ட் போய்த் திரும்பி வந்தது. யாரும் லிஸ்ட்டைத் திறக்கவில்லை, ஆனாலும் ரீட் ஒன்லி. எல்லாரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். பாய் உள்ளே போய் எதையோ அழித்துவிட்டு வந்தார். "ஆளு போய்ட்டாரு, செருப்பு மட்டும் வாசல்லயே கெடந்துச்சு. செருப்பைப் பாத்துட்டு உள்ள ஆளு இருக்குதுன்னு பொட்டி நெனச்சுக்கிச்சு" என்றார். "யார் செருப்பு?" என்றான் தேவராஜ். பாய் அதற்குள் ஜெனரேட்டர் ரூம் பக்கம் போய்விட்டார்.

நல்ல மனுஷன் என்று நினைத்தேன். அதே குணம் ஒருநாள் என் நெஞ்சில் கல்லாக உட்காரும் என்று தெரியாது.

சுகந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அணைக்கட்டு பக்கத்துக் கிராமம். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். முதலில் பேஸ்டிங்கில், அதாவது ஷூவின் அடிப்பாகத்தோடு மேல்தோலைப் பசை வைத்து ஒட்டுகிற இடத்தில் இருந்தாள். அந்தப் பசை வாடை அவளுக்கு ஆகவில்லை. மூச்சு இழுத்துக்கொள்ளும். வேலூர் ஆஸ்பத்திரியில் அந்தப் பக்கமே போகாதே என்று சொல்லிவிட்டார்கள். டைப் படித்திருந்ததால் ஆபீசுக்கு மாற்றினார்கள். ஆனால் டெம்பரவரி. பர்மனென்ட் ஆக்குகிற கடிதம் அந்த மாதக் கடைசியில் வரவேண்டும். வந்தால் மேஜை. வராவிட்டால் திரும்பவும் பசை வாடை.

அந்தச் சமயத்தில்தான் புது மேனேஜர் வந்தார். என்னை ஆயா என்று கூப்பிட்டார். எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி. எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயசு, தலையில் பாதிக்கு மேல் கறுப்பு. பாய் "அம்மா" என்பார், சுகந்தி "அக்கா" என்பாள். இந்த மனுஷனுக்கு மட்டும் நான் பாட்டி.

அவர் வருவது பத்து மணிக்கு. போவது எல்லாரும் போன பிறகு. போவதற்கு முன்னால் தன் ரூமில் இருக்கிற பெட்டியில் லிஸ்ட்டைப் பார்ப்பார். மற்றவர்கள் தங்கள் பெட்டியைத் தாங்களே அணைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்; பாய் அப்படிப் பழக்கியிருந்தார். மேனேஜர் மட்டும் எழுந்து பையை எடுத்துக்கொண்டு, "ஆயா, ஆஃப் பண்ணிடு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

நானும் அணைத்தேன். டிவி மாதிரி இருக்கிறதே, அதன் பொத்தானை அமுக்கினேன். வெளிச்சம் போனது. மேலே உறையைப் போட்டேன். அந்த உறைகள் நான் தைத்தவை. ஷூவுக்கு உள்பக்கம் வைக்கிற லைனிங் தோலில் மிச்சம் விழுந்ததைக் கேட்டு வாங்கி, ஏழு பெட்டிக்கும் ஏழு டிவிக்கும் ஓரம் மடித்துத் தைத்தவை. பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள்கூடத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். எப்படி அணைப்பது என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவள் ஆகிவிடுவேனே.

மறுநாள் காலை எட்டரைக்கு சுகந்தி லிஸ்ட்டைத் திறந்தாள். ரீட் ஒன்லி. யார் வைத்திருக்கிறார்கள் என்று கீழே பொடியாகப் பெயர் வரும்; அதுவரை யாரும் அதைப் படித்ததில்லை, ரீட் ஒன்லி என்றதும் பாயைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவள் பெயரே வந்தது.

"அண்ணே, என் பேரைப் போட்டு என்கிட்டயே இல்லன்னு சொல்லுது."

தேவராஜும் தன் பெட்டியில் திறந்தான். அங்கேயும் சுகந்தி. "நீயே எடுத்து ஒளிச்சு வெச்சினு நீயே தேடுறியா?" என்று சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியை அணைத்துப் போட்டாள். அதே பெயர். நேற்று சாயங்காலம் கட்டிய அட்டைப்பெட்டிகளை உடனே எழுதியாக வேண்டும். பயத்தில் அந்த லிஸ்ட்டுக்கு ஒரு நகல் எடுத்து, வேறு பெயர் வைத்து அதில் எழுதினாள். தேவராஜ் பழைய லிஸ்ட்டைப் பிரிண்ட் எடுத்துவிட்டான். கேட்டில் கன்டெய்னர் நின்றுவிட்டது. தாளில் ஒரு எண்ணிக்கை, வண்டியில் ஒரு எண்ணிக்கை. வெயிலில் எல்லா அட்டைப்பெட்டியையும் இறக்கித் திரும்ப எண்ணினார்கள்.

அதற்குள் பாய் கையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகப் போய்க்கொண்டிருந்தார். "யார் கையில இருக்கு, யார் கையில இருக்கு?" எல்லாம் அப்போதுதான் போட்டவை, ஜில்லென்று இருந்தன. கடைசியில் என்னிடம் வந்தார்.

"அம்மா, மேனேஜர் ரூம் சாவி."

திறந்துவிட்டேன். உறைக்கு அடியில் கையை விட்டார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. பிறகு கதவைப் பாதி சாத்திக்கொண்டார். நான் கூட்டப் போய்விட்டேன். வெளியே வந்து, "இப்ப தொறந்து பாரும்மா சுகந்தி" என்றார். திறந்தது.

"எங்க பாய் இருந்துச்சு?" என்றான் தேவராஜ்.

அன்றைக்கு அவர் இடத்தைக்கூடச் சொல்லவில்லை. "சரியாய்டுச்சு, விடு" என்று நடந்தார்.

பத்து மணிக்கு மேனேஜர் வந்தார். கன்டெய்னர் கதையைக் கேட்டார். யார் பெயர் வந்தது என்று கேட்டார். தேவராஜ் சொன்னான். சுகந்தியைக் கூப்பிட்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே கேட்கிற மாதிரி கத்தினார். தன் பெட்டி அணைந்திருந்ததில் அவருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. ஆயாவிடம் அணைக்கச் சொன்னார், ஆயா அணைத்திருக்கிறாள்.

இரண்டாம் நாளும் அதே மாதிரி. மூன்றாம் நாள் பாய் எட்டு மணிக்கே வந்துவிட்டார், சுகந்தி வருவதற்கு முன்னால். சாவி வாங்கிக்கொண்டு போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. துடைப்பத்தோடு பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன். என் உறையை எடுத்து மடித்து வைத்தார். டிவியின் பொத்தானை அமுக்கினார். நேற்று நான் அணைத்த பெட்டி அது. அதில் பேக்கிங் லிஸ்ட் கட்டம் கட்டமாக நின்றுகொண்டிருந்தது. கீழே பெட்டி ஊதிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அந்தச் சத்தத்தை யூபிஎஸ் சத்தம் என்று நினைத்திருந்தேன்.

யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. முகத்தை மூடிவிட்டு, தூங்குகிறது என்று நினைத்திருக்கிறேன்.

பாய் லிஸ்ட்டை மூடினார், பெட்டியை அணைத்தார், உறையை முன்பு இருந்த மாதிரியே ஓரம் இழுத்துப் போட்டார். திரும்பியபோது என்னைப் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார்.

"டீ ஆச்சாம்மா?" என்றார்.

"ஆச்சு" என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு தினமும் அவர் எட்டு மணிக்கு வந்து அணைத்துவிடுவார். எப்படி அணைக்க வேண்டும் என்று என்னிடம் சொல்லிக்கொடுத்திருக்கலாம். சொன்னால் நான் தப்பாகச் செய்தேன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று விட்டிருப்பார். நானும் கேட்கவில்லை. அவர் என்றைக்காவது சொல்வார் என்று நான் இருந்தேன். நான் சொல்லட்டும் என்று அவர் இருந்தாரோ என்னவோ. ரீட் ஒன்லி வருவது நின்றது. மேனேஜர் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்.

"பாத்தீங்களா பாய், ரெண்டு அதட்டு போட்டதும் அந்தம்மா ஒழுங்காய்ட்டாங்க."

அப்போதாவது சொல்வார் என்று பார்த்தேன். பாய் பிரிண்டரைத் திறந்து மூடினார், திறந்து மூடினார். பிறகு வெளியே போய்விட்டார்.

சனிக்கிழமை சுகந்தியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். ஆபீசுக்கு வேறு ஆள் வருகிறது, திங்கட்கிழமையிலிருந்து பேஸ்டிங். அவள் அழவில்லை. மேஜை டிராயரிலிருந்து சீப்பு, பிள்ளைகள் போட்டோ, இழுப்புக்கு அடித்துக்கொள்கிற மருந்து, எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டாள்.

"பாய் ஒரு வார்த்தை சொன்னா மேனேஜர் கேப்பாருக்கா. கம்ப்யூட்டரைப் பத்தி அவர் சொல்றதுதான் இங்க பேச்சு. நான் அணைச்சுட்டுத்தான் போனேன்னு அவருக்குத் தெரியும்தானே?"

 அந்தப் பையைப் பார்த்ததும் கால் தானாகவே மேனேஜர் ரூமுக்குப் போனது. உள்ளே பாயும் இருந்தார், சுவரோரம் ஏதோ ஒயரைப் பார்த்தபடி.

"சார், அந்தப் பொட்டியை நான் அணைக்கவே இல்ல."

"என்ன ஆயா?"

"டிவியைத்தான் அணைச்சேன். கீழ இருக்கிறது வெடிய வெடிய ஓடினு இருந்துச்சு. லிஸ்ட்டு இந்த ரூம்லதான் தொறந்து கெடந்துச்சு. சுகந்திகிட்ட இல்ல."

"உனக்கு என்ன தெரியும் கம்ப்யூட்டரைப் பத்தி?"

"ஒண்ணுந் தெரியாது. அதான் இப்படியாச்சு."

அந்த வார்த்தையை என் வாயால் சொல்ல ஐம்பத்திரண்டு வருஷம் ஆயிற்று.

மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்தார். "இங்க தொறந்திருந்தா என் பேர்தானே வரணும்? அவங்க பேர் எப்படி வரும்?"

 இரண்டு பேரும் பாயைப் பார்த்தோம். பாய் நடக்கவில்லை. அவர் அப்படி நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எல்லாப் பொட்டியிலயும் அந்தப் பேருதான் சார் வரும்" என்றார். குரல் சின்னதாக இருந்தது. "சுகந்தி ஆபீசுக்கு வந்த புதுசுல, முதல்ல அவங்க பொட்டிக்குத்தான் புரோகிராம் எல்லாம் போட்டது. அதுலருந்து அப்படியே மத்த ஆறுக்கும் நகல் எடுத்தது. பேரும் சேந்து வந்துடுச்சு."

பாய், மேனேஜரின் பெட்டியிலேயே லிஸ்ட்டைத் திறந்து வைத்துவிட்டு, வெளியே போய் தேவராஜ் பெட்டியில் காட்டினார். அந்தப் பெயரின் முதல் எழுத்து பாம்பு மாதிரி வளைந்திருக்கும். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் அந்த எழுத்து எனக்குப் பழக்கமாகியிருந்தது. அதே பாம்பு. அக்கவுண்ட்ஸ் பெட்டியிலும் அதே பாம்பு. சுகந்தி மஞ்சள் பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் நகல் எடுத்தது?" என்றார் மேனேஜர்.

"ஆரம்பத்துல எடுத்தது சார்" என்றார் பாய். அங்கேயும் ஆள் இல்லை.

லிஸ்ட் திறந்து கிடந்தது தன் ரூமில் என்பதால் மேனேஜருக்கு அதைக் கிளற விருப்பமில்லை. "சரி, சரி. சுகந்தி, திங்கட்கிழமை உன் சீட்டுக்கே வா" என்றார். மாதக் கடைசியில் கடிதமும் வந்தது. என்னை மட்டும் இரண்டு பேச்சு பேசினார். வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலம் நானே பாயைக் கேட்டேன், எப்படி அணைப்பது என்று. நின்ற இடத்தில் நிற்காமல், மேஜையைச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

அடுத்த வாரம் ஏழு பெட்டிக்கும் வேறு வேறு பெயர் வைத்தார். ஆள் பெயர் ஒன்றுகூட இல்லை. ஜன்னலோரம், பீரோ பக்கம், கதவாண்ட என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்து வைத்தார். மேனேஜர் தன் பெயரைப் போடச் சொன்னார். பாய் தலையை ஆட்டிவிட்டு, கண்ணாடி ரூம் என்று போட்டார்.

சுகந்தி என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நின்று சொன்னாள்: "நீ தெரியாம செஞ்சக்கா. தெரிஞ்சதும் நாலு நாள் பேஜாராய் சுத்தினு இருந்துட்டு, வந்து சொல்லிட்ட. அவரு முத நாளே கையை வெச்சுப் பாத்தவரு. நகல் எடுத்ததும் அவருதான். வேற யாரு எடுப்பாங்க? என் பேரைத் தூக்கிக் கொடுத்துட்டு, தன் பேரை மட்டும் மறைச்சுக்கினாரு."

"உன்னை மாட்டிவிடணும்னு செய்யலடி."

"செய்யல. அது எனக்குத் தெரியும். எனக்கு மூச்சு இழுத்திருந்தாலும் இப்படித்தான் நடந்துனே இருந்திருப்பாரு."

அதற்குமேல் என்னாலும் பாய்க்காகப் பேச முடியவில்லை. யாரையும் காட்டிக்கொடுக்காத மனுஷன் என்று எத்தனையோ நாள் மெச்சியிருக்கிறேன். அந்த ஒரு வாரத்தில் என்னைக் காப்பாற்றினாரா, தன்னையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். சுகந்தி அவரோடு வேலைப் பேச்சு மட்டும்தான் பேசினாள். ரீட் ஒன்லி வந்தால் அவரைக் கூப்பிட மாட்டாள். தானே எழுந்து போய்ப் பார்ப்பாள். அவர் அவள் மேஜையைத் தாண்டும்போது நடை கொஞ்சம் தளரும். பிறகு வேகம் பிடித்துவிடும்.

இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. ராணிப்பேட்டையில் வேறு கம்பெனியில் வேலை கிடைத்து பாய் கிளம்பினார். கடைசி நாள் ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் கை வைத்துக்கொண்டே வந்தார். ஜன்னலோரம் வந்தபோது சுகந்தி டைப் அடித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. நான் டீ ட்ரேயோடு பின்னால் நின்றேன்.

"பாய்" என்றாள்.

"சொல்லும்மா."

"அந்த வாரம் லிஸ்ட்டு யார் கையில இருந்துச்சு?"

தேவராஜ் தலையைத் தூக்கினான். பாய் என்னைப் பார்த்தார், கண்ணாடி ரூமைப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியை இழுத்துவந்து அவள் மேஜைக்குப் பக்கத்தில் போட்டார். அதில் உட்கார்ந்தார். முழுசாக, முதுகைச் சாய்த்து.

"என் கையிலதாம்மா இருந்துச்சு" என்றார். "உன் பொட்டியை நகல் எடுத்தது நான். முத நாளே தெரியும். சொன்னா என் வேலையும் போய்டும்னு பயந்துட்டேன்."

சுகந்தியின் கை நின்றது.  பிறகு என் ட்ரேயிலிருந்து ஒரு கிளாஸை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "ஆறிடும், குடிங்க" என்றாள்.

குடித்தார். உட்கார்ந்தபடியே, கடைசி மடக்கு வரைக்கும். அன்றைக்கு மட்டும் பாய் கிளாஸைத் தேடிக்கொண்டு நான் எங்கேயும் போகவில்லை.